பொன்முடிக் குருவிக்கு இரங்கல் எழுதியவர்

"இந்த மலையில ஒரு குருவி வாயைத் திறந்தா, அது மூடுறதுக்குள்ள அது யாருன்னு நான் சொல்லிடுவேன்."

இதைச் சொன்னவர் பல்லுக்காரர். சொன்ன இடம் நூலகத்தின் மாடி அறை. சந்தர்ப்பம், பறவை நோக்கர் சங்கத்தின் இருபதாம் ஆண்டுக் கூட்டம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஆகவே பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வதுதான் நேர்மை. பத்துப் பேரும் கைதட்டினார்கள். தூங்கியவர் சத்தம் கேட்டு விழித்து, எதற்கென்று தெரியாமலே மற்றவர்களைவிட அதிக நேரம் தட்டினார்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். பெருமை பேசுகிறவர்களுக்கு முதல் வாக்கியத்தோடு நிறுத்தத் தெரிவதில்லை. பல்லுக்காரர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, "கண்ணைக் கட்டி விடுங்க. காது ஒண்ணு போதும் எனக்கு" என்று சேர்த்துக்கொண்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

பல்லுக்காரர் பல் டாக்டர் அல்ல. இதை அவரே அடிக்கடி, கொஞ்சம் வருத்தத்தோடும் நிறையப் பெருமையோடும் சொல்வார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் வரிசை கட்டி, வேகவைத்து, ராவி, பளபளக்கத் தேய்த்து, முழுப் பல் செட்டாக்கிக் கொடுப்பது இவர் வேலை. ஊரில் ஐம்பது வயதுக்கு மேல் யார் சிரித்தாலும் அந்தச் சிரிப்பில் பாதி இவருடையது. தெருவில் நடக்கும்போது எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்துத்தான் நலம் விசாரிப்பார். "கீழ் செட்டு உறுத்தலையே?" என்பதுதான் அவருடைய வணக்கம்.

வேலை செய்யும் அறை பல் மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல். மேசை, நாற்காலி, அவருடைய புருவம், எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு. அலமாரியில் மாவுத் தாடைகள் பென்சில் எண்களோடு வரிசையாக, ஒரே நகைச்சுவையைக் கேட்டுவிட்டது போல் இளித்துக்கொண்டு நிற்கும். மூலையில் மெருகு போடும் மோட்டார். அதைப் போட்டதும் 'ங்கீஈஈ' என்று ஒரு சத்தம் கிளம்பும். முன்கட்டில் வாயைப் பிளந்து கிடப்பவர்கள் அது தங்களுக்கான ஏற்பாடு என்று நினைத்து நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த மோட்டார் முப்பத்து நான்கு வருடமாக அவர் காதிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டு முறை காதுமூடி வாங்கிக் கொடுத்தார். பல்லுக்காரர் இரண்டையும் அலமாரியில் இருந்த இரண்டு தாடைகளுக்கு மாட்டிவிட்டார். காரணம், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தது. மரம் என்று இருந்தால் எந்த நேரமும் ஒரு குருவி வந்து கத்தலாம். "பறவை கேட்கிற காதை மூடி வைக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். ஆகவே அவர் காதைப் பாழாக்கியது மோட்டார் அல்ல, குருவிப் பிரியம்தான் என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது.

வீட்டில் இதற்கான அறிகுறிகள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. பிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் அது கீச்கீச் என்று முறையிடும் வகையைச் சேர்ந்தது. "பிரிட்ஜ் கத்துதே, காதுல விழலையா?" என்று மனைவி மூன்றாவது அறையிலிருந்து கேட்பார். பிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டே பல்லுக்காரர், "என்கிட்ட அது எந்தக் குறையும் சொன்னதில்லை" என்பார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை. இருபத்தொன்பது வருடமாக ஒரு காதில் ஊரையும் மறு காதில் டாக்டர்களையும் வைத்திருப்பவர். எந்த டாக்டர் 'ஹலோ' சொல்வதற்கு முன்னால் எப்படி மூச்சு விடுவார் என்று தெரியும். "உங்களுக்குக் காது மந்தம். காது டாக்டரைப் போய்ப் பாருங்க, என் பேரைச் சொன்னா வரிசைகூட கிடையாது" என்று வருடத்துக்கு இரண்டு தடவை சொல்வார். "எனக்குக் காது மந்தமா? ஊர்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசப் பழகிட்டாங்க. நான் செஞ்ச பல்லைப் போட்டுக்கிட்டு இப்படிப் பேசறது எனக்குத்தான் அவமானம்" என்று அவரும் வருடத்துக்கு இரண்டு தடவை பதில் சொல்வார்.

இனி குருவிக்கு வருவோம்.

பொன்முடிக் குருவி என்ற பெயரைக் கேட்டால் ஏதோ அரச குடும்பம் போலத் தோன்றும். ஆளைப் பார்த்தால் கட்டைவிரல் அளவு. எடை, பல்லுக்காரரின் தராசில், மூன்று கடைவாய்ப் பல். மலையின் மேல் பக்கத்து ஊசியிலைக் காட்டில், கிளைகளின் நுனியில் தலைகீழாகத் தொங்கிப் பூச்சி பொறுக்கும். ஒரு கிளையில் இரண்டு நொடிக்கு மேல் இருந்தால் வாடகை கேட்பார்கள் என்ற பயம் அதற்கு.

அதை அடையாளம் காண்பது எப்படி என்று பல்லுக்காரர் எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருந்தார். சங்கத்தில் சேருகிறவர்களுக்கு அது இலவசம். சேராதவர்களுக்கும் இலவசம். மேலுடம்பு பாசிப்பச்சை என்று அது தொடங்கும். இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை. உச்சந்தலையில் நெற்றியிலிருந்து பின்னோக்கி ஓடும் ஒரு மஞ்சள் கோடு, இரு பக்கமும் கறுப்புக் கரை கட்டியது. ஆண் குருவிக்குக் கோபம் வந்தால் அந்த மஞ்சள் விரிந்து உள்ளே ஆரஞ்சு தெரியும். முகம் வெளிறியது, அதில் மிளகு வைத்தது போல் ஒரு கண், இப்போதுதான் ஏதோ கெட்ட செய்தி கேள்விப்பட்டது போல் ஒரு பார்வை. புருவம் கிடையாது. இந்தப் புருவ விஷயம் முக்கியம். ஏனென்றால் அதே காட்டில், அதே பச்சையில், இலைக்குருவி என்று வேறொன்று திரிகிறது. அதற்குக் கண்ணுக்கு மேல் வெளிர் புருவம் உண்டு, தலையில் மஞ்சள் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இலைக்குருவியைப் பார்த்துவிட்டு, பொன்முடியைப் பார்த்தாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

இவ்வளவையும் அக்கறையாக எழுதிய மனிதர், எட்டாம் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். 'கண்டது சாட்சி ஆகாது. ஐம்பதடி உயரத்தில், இலைக்கு நடுவில், ஓயாமல் நகரும் ஒரு கட்டைவிரலை யார் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள்? குரலே சாட்சி. மெல்லிய ஸீ-ஸீ-ஸீ, ஊசித் துளையில் பட்டு நூலை இழுப்பது போல, மேலே மேலே ஏறிப்போய்க் கடைசியில் ஒரு சுழி. அதைக் கேட்டவரே அந்தக் குருவியை அறிந்தவர்.'

வன அலுவலகத்துக்கு எட்டாம் பக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. அலுவலகங்களுக்குச் சுருக்கமான எதுவும் பிடிக்கும். அதை அப்படியே விதியாக்கிக்கொண்டார்கள். ஊருக்கு மேலே ஒரு சரிவு முழுவதும் பொன்முடி கூடு கட்டும் காடு. அங்கே கட்டடம், சாலை எதுவும் கூடாது என்று தடை இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, கூடு கட்டும் காலத்தில், சங்கத்தார் இரண்டு பேர் அந்தச் சரிவில் பத்து இடங்களில் ஐந்தைந்து நிமிடம் நின்று, கேட்ட குரல்களை எண்ணித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் கேட்பவர், ஒருவர் எழுதுபவர். தொடர்ந்து மூன்று வருடம் பூஜ்யம் வந்தால் குருவி போய்விட்டது என்று பொருள்; தடையும் போய்விடும்.

கேட்பவர் யார் என்பதில் என்றைக்கும் போட்டி இருந்ததில்லை. எழுதுபவர் சங்கத்தின் செயலாளர், வங்கியில் காசாளர். குளிர் தாங்காதவர் என்பதால் கம்பளிக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டுதான் காட்டுக்கு வருவார். "கேட்கிறது அண்ணன் டிபார்ட்மெண்ட். எனக்கு எதுக்குக் காது?" என்பார்.

இருபதாம் ஆண்டுக் கூட்டம் முடிந்து அடுத்த வருடக் கணக்கெடுப்பில் பல்லுக்காரர் பத்து இடத்திலும் கண்ணை மூடி நின்றார். பத்து இடத்திலும் பூஜ்யம். அதற்கும் அடுத்த வருடமும் பூஜ்யம்.

அவருக்கு அது உண்மையான துக்கம். அதில் விளையாட்டுக் கிடையாது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பெரியவருக்கு மேல்தாடையில் இருபது பல்லைக் கட்டி அனுப்பிவிட்டார், பதினான்கு போதும். மூன்றாம் நாள் உட்கார்ந்து சங்கத்தின் இதழுக்கு ஒரு இரங்கல் கட்டுரை எழுதினார். 'மலை மௌனமாகிவிட்டது' என்று அது தொடங்கியது. மாதக் கூட்டத்தில் அதை அவரே எழுந்து நின்று வாசித்தார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நூலகத்துக்கு மேலே இருந்த ஊசியிலை மரத்தில் ஒரு பொன்முடி நான்கு தடவை பாடியது என்று பிற்பாடு பலர் ஒப்புக்கொண்டார்கள். அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. பல்லுக்காரரே தலை குனிந்து நிற்கும்போது, அது பொன்முடியாக இருக்க முடியாது என்பதுதான் ஒவ்வொருவர் மனதிலும் ஓடிய கணக்கு.

வாயைத் திறந்தவர் ஒரே ஒருவர்தான். புதிதாகச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடையில் பல்லுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "சார், மேல ஏதோ ஸீ-ஸீன்னு கேட்குதே" என்றார்.

பல்லுக்காரர் பொறுமையாகக் காது கொடுத்தார். பிறகு ஆசிரியையை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கோட்டு ஜிப்பு" என்றார். "நடக்கும்போது உரசுது. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இது நடக்கும்."

ஆசிரியை அந்தக் குளிரில் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இப்பவும் கேட்குது சார்."

"அப்போ மரம். கிளையும் கிளையும் உரசினா இப்படித்தான் இருக்கும். பழகணும்மா. காது ஒரே நாள்ல வந்துடாது."

ஆசிரியை பழகிக்கொண்டார். இரண்டே மாதத்தில் பொன்முடி பாடினால் அது மரம் என்று சட்டெனக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் ஹார்டுவேர் கடைக்காரர். அவர் நகர முன்னேற்றக் குழுவின் தலைவரும்கூட. அந்தச் சரிவில் ஒரு காட்சி மேடை, அதை ஒட்டி நூற்றிருபது கார் நிறுத்துமிடம் என்று வரைபடம் போட்டுப் பல வருடமாகச் சுருட்டி வைத்திருந்தார். பல்லுக்காரர் செய்த செட்டைத்தான் போட்டிருந்தார் என்பதால் அவர் சிரிப்பும் நன்றாகவே இருந்தது. "உங்க மனசு எனக்குப் புரியுதுண்ணே. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா போனது போயிடுச்சு. இன்னும் ஒரு பூஜ்யம்தானே? மேடையில உங்க குருவிக்கு ஒரு சிலை வைக்கச் சொல்றேன். சிமெண்ட்ல, ஆறடி உயரம்."

மூன்று கடைவாய்ப் பல் எடையுள்ள ஒரு ஜீவனுக்கு ஆறடி சிமெண்ட். பல்லுக்காரர் வேண்டாமென்று கையை ஆட்டினார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலை, சிலைக்குக் கீழே கல்வெட்டில் என்ன எழுதலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது. அவரும் மனிதர்தானே.

இப்படியாக மூன்றாவது கணக்கெடுப்பு வந்தது. அதற்கு முதல் நாள் செயலாளருக்கு நாணய மூட்டையைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூன்றாவது பூஜ்யத்தைத் தன் கையால் எழுத யாருக்கும் மனம் வரவில்லை என்பதே உண்மை. பல்லுக்காரர் மனைவியைக் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் என் காதுக்கு லீவு. அன்னைக்கும் மலையேறிக் குருவி கத்துறதைக் கேட்கணுமா?" என்றார் மனைவி.

"நீ கேட்க வேண்டாம். எழுதினா போதும். எப்படியும் கேட்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

இருபத்து மூன்று வருடச் சங்க வாழ்க்கையில் மனைவி அவரோடு கணக்கெடுப்புக்கு வந்தது அன்றைக்குத்தான். அதுவும் பல்லுக்காரர் ஒரு மடக்கு முக்காலியைத் தூக்கி வரச் சம்மதித்த பிறகே வந்தார். காலை எட்டு மணிக்கு முதல் இடம். பல்லுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி முக்காலியில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தார். ஐந்து நிமிடம் ஆனதும் பல்லுக்காரர் கனத்த குரலில், "பூஜ்யம்" என்றார். மனைவி எழுதினார். இரண்டாம் இடம், பூஜ்யம். மூன்றாம் இடத்தில் மனைவி ஒரு தடவை நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார், பூஜ்யம் என்றே எழுதினார்.

நான்காம் இடத்தில் பொறுக்க முடியவில்லை. "ஏங்க, நீங்க தேடுறது எப்படித்தான் கத்தும்? சொன்னா நானும் கொஞ்சம் ஒத்தாசையா இருப்பேன்ல."

பல்லுக்காரர் உதட்டைக் குவித்து, தன்னால் முடிந்த அளவுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினார். ஏறி ஏறிப் போய்க் கடைசியில் சுழித்தார். கண்ணில் ஈரம்கூட வந்துவிட்டது.

"இது மாதிரியா?" என்று மனைவி பேனாவால் தலைக்கு மேலே காட்டினார்.

"எது மாதிரி?"

"இப்போ கத்துதே, இது மாதிரி."

"எதுவும் கத்தலம்மா."

"கத்துதுங்க. மொதல் இடத்துல ரெண்டு கத்துச்சு. அடுத்த இடத்துல ஒண்ணு. நீங்க கணக்குல சேர்க்கலையேன்னு, அது ஏதோ சாதாரணக் குருவின்னு நான் நினைச்சுக்கிட்டேன். வாயே ஓயலை அதுக்கு. என் பலகைக்குக்கூட மதியம் கொஞ்சம் ஓய்வு உண்டு."

பல்லுக்காரர் பைனாகுலரை எடுத்தார். இது எட்டாம் பக்கத்துக்கு விரோதமான செயல்; இருந்தாலும் எடுத்தார். மனைவி காட்டிய கிளை நுனியில் ஊசியிலைக்கு நடுவே ஒரு கட்டைவிரல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாசிப்பச்சை. இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை. புருவம் தேடினார், இல்லை. மிளகுக் கண். அது புரண்டு கிளை மேல் நிமிர்ந்தபோது தலையின் மஞ்சள் கோடு வெயிலில் பளிச்சென்றது. பிறகு அது அலகைத் திறந்தது. தொண்டை இறகுகள் நடுங்கின. உடம்பு முழுவதும் அதிர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது, ஒலியை யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள்.

சந்தோஷத்தில் அவர் மனைவியின் தோளைத் தட்டினார். அடுத்த நொடியே மூளை வேலை செய்தது. அறிஞர்களின் மூளை எப்போதும் தன்னைத் தவிர மற்ற எல்லா இடத்திலும்தான் பழுதைத் தேடும். "ஊமையாயிடுச்சு" என்று மெல்லச் சொன்னார். "இந்த மலைப் பொன்முடி பாடறதை நிறுத்திடுச்சு. வாய் மட்டும் அசையுது. இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்புன்னு உனக்குத் தெரியுமா? இதை யாரும் இதுவரைக்கும் எழுதினதில்லை."

"அதுக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றார் மனைவி.

"நீ கேட்கிறது கிளை உரசற சத்தம்."

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தார். கோபம் வந்தது, ஆனால் பலகையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவருக்குக் கோபத்தை எந்த இணைப்பில் கொடுப்பது என்று தெரியும். முக்காலியை அப்படியே திருப்பிப் போட்டு, மரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "நீங்க பைனாகுலர்ல அதோட வாயைப் பாருங்க. நான் இந்தப் பக்கம் பார்த்துக்கிட்டே, அது கத்தும்போதெல்லாம் விரலைத் தூக்குறேன். மரம் உரசுதா, குருவி கத்துதான்னு நீங்களே சொல்லுங்க."

பல்லுக்காரர் ஒரு கண்ணைக் குருவி மேலும் ஒரு கண்ணை மனைவியின் விரல் மேலும் வைக்கப் பார்த்தார். பைனாகுலர் வைத்துக்கொண்டு அது முடியாத காரியம். ஒவ்வொரு தடவை அலகு திறந்ததும் சட்டெனக் கீழே பார்த்தார். விரல் நின்றது. அலகு மூடியதும் பார்த்தார். விரல் மடங்கியிருந்தது. குருவி வேறு கிளைக்குத் தாவி, நீளமாக ஒன்று பாடி, கடைசியில் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. விரல் அந்தச் சுழியையும் காற்றில் போட்டது.

ஒன்பது தடவை பார்த்தார். ஒன்பதும் சரியாக இருந்தது. பத்தாவது தடவை பார்க்கவில்லை. பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமா" என்றார்.

மனைவி 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. திருமண வாழ்க்கையில் அப்படி ஒரு வாய்ப்பு லட்டு மாதிரி கையில் வந்து விழுந்தும் அதை வேண்டாமென்று விட்டவர்களுக்குத்தான் சிலை வைக்க வேண்டும். "எழுந்திருங்க. மொதல் இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிப்போம். இந்தத் தாளைக் கிழிச்சிடலாம்" என்றார்.

இறங்கிப் போய் மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை பல்லுக்காரர் கண்ணை மூடவில்லை. மனைவியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் நிற்க நிற்க, அவர் எழுதினார். பத்து இடம் முடிந்தபோது கூட்டினால் பதினேழு வந்தது. இரங்கல் கட்டுரை எழுதிய காலத்தில்கூடப் பதினான்குக்குக் குறைந்திருக்காது என்று பட்டது.

தாளில் இன்னும் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'கேட்டவர்.'

"உங்க பேரையே எழுதுங்க" என்றார் மனைவி, முக்காலியை மடக்கிக்கொண்டே. "யாருக்குத் தெரியப்போகுது? நான் சொல்ல மாட்டேன். எனக்கென்ன வந்தது."

பல்லுக்காரர் யோசித்துக்கொண்டே இறங்கினார். யோசனை இனிமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போன குருவி திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் வருடம், கடைசி நிமிடத்தில், கூர்மையான ஒரு காது அதைக் கேட்டுவிட்டது. சரிவு தப்பியது. இதழில் 'மலை மீண்டும் பாடுகிறது' என்று ஒரு கட்டுரை. மாடி அறையில் கைதட்டல், தூங்குகிறவர் உட்பட. முதல் வளைவு வரும்வரை தலைப்பு முடிவாகிவிட்டது. இரண்டாம் வளைவில் முதல் பத்தி தயாராகிவிட்டது.

மூன்றாம் வளைவில் அடுத்த வருடம் ஞாபகம் வந்தது. அடுத்த வருடம் செயலாளருக்கு இடுப்பு சரியாகிவிடும். குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டு, "அண்ணே, எத்தனை?" என்று பேனாவோடு நிற்பார். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். அண்ணனுக்கு மலை எப்போதும் மௌனமாகத்தான் இருக்கும். மூன்று வருடம் கழித்து நூற்றிருபது கார்.

"நீ அடுத்த வருஷமும் வருவியா?" என்று கேட்டார்.

"உங்க காதா வர்றதுன்னா வர மாட்டேன்" என்றார் மனைவி. "எனக்கு வேற வேலை இல்லையா?"

வன அலுவலகத்தில் ரேஞ்சர் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஹார்டுவேர் கடைக்காரரும் இருந்தார். மூன்றாவது பூஜ்யத்தை நேரில் வரவேற்க, சுருட்டிய வரைபடத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் துக்கத்தைத் தயாராக வைத்திருந்தார்.

மனைவி வாசல் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பல்லுக்காரர் மேசையோரத்தில் நின்றபடியே கடைசிக் கட்டத்தை நிரப்பித் தாளைக் கொடுத்தார். ரேஞ்சர் படித்தார். பதினேழில் ஒரு தடவை நின்றார். கேட்டவர் கட்டத்தில் இன்னொரு தடவை நின்றார்.

"சார், பேரை மாத்தி எழுதிட்டீங்க போல. கேட்டவர் இடத்துல வீட்டம்மா பேர் இருக்கு. நீங்க எழுதினவர் இடத்துல இருக்கீங்க."

"சரியாத்தான் இருக்கு."

"பதினேழா?" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். தயாராக வைத்திருந்த துக்கம் இப்போது நிஜமாகவே தேவைப்பட்டது. "அண்ணே, போன வருஷம் பூஜ்யம். அதுக்கு முந்தின வருஷம் பூஜ்யம். அப்போ எங்க போயிருந்துச்சு அந்தப் பதினேழும்?"

"எங்கயும் போகல. இங்கதான் இருந்துச்சு. அந்த ரெண்டு பூஜ்யமும் என் காதோட கணக்கு. குருவியோடது இல்ல. ரேஞ்சர் சார், அதை அப்படியே பழைய தாள்லயும் எழுதிடுங்க. எழுத்துப்பூர்வமா வேணும்னா நானே தர்றேன்."

ரேஞ்சருக்கு ஊருக்கே குருவி சொல்லிக்கொடுத்த மனிதர் இப்படி நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஹார்டுவேர் கடைக்காரர் வரைபடத்தை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினார். பேச்சை மாற்றலாம், பெரியவருக்கு மரியாதையாகவும் இருக்கும் என்ற நல்ல எண்ணத்தில் ரேஞ்சர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"வெளியே இப்போ ஒண்ணு கத்துதே சார். இது என்ன குருவி?"

பல்லுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு மரம் இருந்தது, இலைகள் அசைந்தன. பொன்முடி என்று சொல்லியிருக்கலாம்; இந்த மலையில் பாதி நேரம் அது சரியாகவே இருக்கும். இலைக்குருவி என்றும் சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேசக்கூடியவர் அங்கே மனைவி ஒருவர்தான், அவரும் பேச மாட்டார்.

"எனக்குத் தெரியல சார்" என்று மனைவி பக்கம் கையைக் காட்டினார். "அவங்களைக் கேளுங்க."